சிலிண்டர் வாங்கக் கடன்: உங்கள் வீட்டு அடுப்படியில் என்ன நடக்கிறது?

கோட்டையூர்ப் பக்கம்

எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு ஆறு வருஷமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கும்போது நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பள்ளிக்கூடக் கட்டணம், காதுகுத்து, ஆட்டுக்குட்டி வாங்க, ஆஸ்பத்திரி என்றுதான் வழக்கமாக எழுதுவோம். போன ஆடியில் ஒரு அக்கா ஆயிரம் ரூபாய் கேட்டார். என்ன காரணம் போடட்டும் என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சிலிண்டருக்குத்தான், வீட்டுச் செலவுன்னு போட்டுக்க" என்றார்.

அன்று ராத்திரி பழைய பக்கங்களைப் புரட்டினேன். 'வீட்டுச் செலவு' என்று நானே நிறைய எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டபோது, பாதிக்கு மேல் சிலிண்டருக்கும் கரண்டு பில்லுக்கும் வாங்கிய கடன் என்று தெரிந்தது. ஊரில் யாருக்கும் சொல்லாமல், நோட்டிலும் வராமல், இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். ஏழைப் பெண்களுக்கு அரசு கேஸ் இணைப்புக் கொடுக்கிற உஜ்வாலா திட்டத்தில் கிடைத்த அடுப்பும் சிலிண்டரும் மூலையில் இருந்தன. அடுப்பின் மேல் துண்டு போர்த்தி அதன்மேல் அரிசி டப்பா. சமையல் முழுக்கக் கொல்லையில், மூன்று கல் கூட்டிய அடுப்பில். கேஸைக் காலையில் ஒரு டீக்கும், மழை பெய்தால் சோற்றுக்கும் மட்டும் பற்றவைக்கிறார். "தீந்துட்டா அடுத்ததுக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

"அவங்களுக்குத்தான் 300 ரூபாய் மானியம் வருதே" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். சிலிண்டர் வாசலில் இறங்கும்போது முழுப் பணத்தையும் எண்ணி வைக்க வேண்டும். 2020 நவம்பரில் சென்னை விலை 610 ரூபாய். 2023 மார்ச்சில் அது 1,118 ரூபாய் 50 காசு ஆனது. அந்த ஆகஸ்டு கடைசியில் 200, அடுத்த மார்ச்சில் 100 குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் 50 ஏற்றினார்கள். தினக்கூலி வாங்குகிற வீட்டில் எண்ணூறு தொள்ளாயிரம் ஒரே நாளில் கையில் சேர்வது லேசில் நடக்காது. ஐம்பது ரூபாய்க்கு விறகு கிடைக்கும், அம்பது ரூபாய்க்கு கேஸ் கிடைக்காது. அவ்வளவுதான் விஷயம்.

இதைப் பற்றி உங்கள் வீட்டில், தெருவில் பார்த்ததை எழுதுங்களேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

காரைக்குடி, பலகார வேலை

நான் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன் தங்கச்சி. தேன்குழல், மணவோலை, சீப்புச் சீடை, கைமுறுக்கு, கல்யாண சீசனில் அதிரசமும் மாவுருண்டையும். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பேருமே வீட்டைத் தனியாகத் தாங்குகிற பெண்கள்.

2022-இல் எண்ணெய் விலை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே நேரத்தில், மே மாதம், வணிகச் சிலிண்டர் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டியது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது, வைத்தால் பிடித்துவிடுவார்கள். சரி, பலகாரத்துக்கு விலை ஏற்றலாம் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "பக்கத்துத் தெருவுல பழைய விலைக்கே தர்றாங்க ஆத்தா" என்றார். அந்தப் பக்கத்துத் தெருப் பெண்ணையும் எனக்குத் தெரியும். அவளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

விறகுக்குத் திரும்பினேன். விறகு மலிவு என்று சொல்கிறார்கள், அதன் செலவு வேறு மாதிரி. சீப்புச் சீடைக்கு எண்ணெய் ஒரே சூட்டில் நிற்க வேண்டும். கேஸ் என்றால் குமிழைத் திருப்பினால் போதும். விறகில், ஒரு கையால் சீடையைப் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் கட்டையை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, தணலைப் பரத்தி, நிமிரவே முடியாது. சூடு ஒரு இம்மி கூடினால் மேலே சிவந்து உள்ளே வேகாது, அந்த ஈடு முழுக்க வீண். அதிரசத்தில் புகை வாடை ஏறினால் வாங்கியவர் உடனே போன் போடுவார். மூன்று மணிக்கு எழுந்தவள் இரண்டு மணிக்கு எழ ஆரம்பித்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்?

என்னிடம் வேலை செய்கிற பெண் ஒருத்தி, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் அடுப்புக்கு முன்னால் உட்காருவாள். சாயங்காலம் அவிழ்த்தால் மூக்கு இருக்கிற இடத்தில் சேலையில் இரண்டு கருப்பு வட்டம் இருக்கும். சோப்புப் போட்டும் அது போகாது. அதைப் பார்த்த பிறகுதான் புகைக்கூண்டு வைத்தேன். முன்பே வைத்திருக்க வேண்டும், அது என் தப்புத்தான்.

செஞ்சை, வாடகை வீடு

கேஸை விடுங்கள் அக்கா, கரண்டைப் பற்றி நான் சொல்கிறேன். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-இலிருந்து. எனக்கு அது இன்றுவரை கிடைத்ததில்லை. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம். வீட்டுக்காரர் எங்களுக்கு உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். போன முறை எனக்கு 120 யூனிட் ஓடியது, 1,200 ரூபாய் கொடுத்தேன். என் பெயரில் தனி இணைப்பு இருந்தால் அந்த 20 யூனிட்டுக்கு ஐம்பது ரூபாய்கூட வராது.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று வீட்டு ஓட்டமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டும்போது அவருக்கு மேல்விகிதம் விழுகிறது. ஆனால் அவருக்குப் பில்லில் கூடுவதற்கும் நாங்கள் கட்டுவதற்கும் ரொம்பத் தூரம்.

2011-க்கு அப்புறம் கிடைத்த அரசின் விலையில்லா கிரைண்டர் என்னைப் பெற்ற அம்மா எனக்குக் கொடுத்தது, இன்னும் ஓடுகிறது. ஆனால் வீட்டுக்காரர் "கிரைண்டர் போடாதீங்க, மீட்டர் பறக்குது" என்று சொன்னதிலிருந்து கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. பாக்கெட் மாவு வாங்குகிறோம். ஆக, கரண்டை மிச்சம் பிடித்து மாவுக்குக் கொடுக்கிறேன். சித்திரையில் ராத்திரி ஒரே ஃபேன் பிள்ளைகள் பக்கம் ஓடும், நான் வாசல்படியில் தலைவைத்துப் படுப்பேன். வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்பாரோ என்று அதற்கும் பயம்.

பள்ளத்தூர்

பெரிய வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு ஆச்சியைப் பற்றி எழுதுகிறேன்.

அவர்களுக்கு எழுபத்தெட்டு வயது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளுகிற வீடு. புள்ளி, அதாவது கல்யாணமான ஆண்மகனின் குடும்பம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, எல்லா அறைக்கும் பூட்டு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வளவில் குடியிருப்பது ஆச்சி ஒருவர் மட்டும். இருட்டும்வரை முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், வெளிச்சம் சும்மா கிடைக்கிற இடம் அது. பிறகு அடுப்படியில் ஒரு பல்பு. மற்ற இடத்துக்கெல்லாம் டார்ச் விளக்கோடுதான் நடப்பார்கள்.

வருஷத்துக்கொரு முறை, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற படைப்புக்கு எல்லோரும் வருவார்கள். நாலு நாள் வீடு முழுக்க விளக்கு, மோட்டார், அறைக்கு அறை ஃபேன். எல்லோரும் போன பிறகு பில் வரும். கட்டாவிட்டால் கரண்டை வெட்டிவிடுவார்கள், வெட்டினால் இருட்டில் இருக்கப்போவது ஆச்சிதான். பங்காளிகளிடம் கேட்கலாமே என்றேன். "வந்துட்டுப் போன பிள்ளைககிட்ட கரண்டு காசு கேக்கறதாப்பா?" என்றார்கள்.

போன வருஷம் ஒரு நாள், பித்தளை அடுக்கு ஒன்றைச் சாக்கில் சுற்றி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். கல்யாணத்தில் பிறந்த வீட்டில் வைத்த சாமான், அடியில் அவர்கள் பெயரின் முதலெழுத்து வெட்டியிருந்தது. கடையில் எடை போட்டுப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். பணத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது ஆச்சி எண்ணக்கூட இல்லை, "பில்லைக் கட்டிட்டு மிச்சத்தைக் கொண்டா" என்றார்கள். அதற்கு முன்னால் எத்தனை அடுக்கு போயிருக்கிறதோ, நான் கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை.

கல்லல் பக்கம்

விறகு ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று முதலில் எழுதியவருக்கு: எங்களுக்கு அதுவும் காசு கொடுத்து வாங்குகிறதில்லை, வெட்டித்தான். 2017 வாக்கில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவு போட்டுச் சீமைக்கருவையை அழித்தார்கள். நிலத்தடித் தண்ணீருக்கு நல்லது என்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கருவையில்தான் எரிந்தது. அதற்குப் பதில் என்ன என்று பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கண்மாய்க்கு அந்தப் பக்கம் மீண்டும் முளைத்திருக்கிறது. போக வர மூன்று மணி நேரம். நூறு நாள் வேலை இருக்கிற அன்றைக்குப் போக முடியாது, போகிற அன்றைக்கு வேலை போகும். முள் குத்தினால் கால் வீங்கி ஒரு வாரம்.

கோட்டையூர்ப் பக்கம்

எல்லாவற்றையும் வாசித்தேன். பலகார அக்கா எழுதிய இரண்டு கருப்பு வட்டத்தை என் அம்மாவின் சேலையிலும் பார்த்திருக்கிறேன். அழுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஐம்பது ரூபாய் விறகு என்று எழுதியது என் தவறு, கல்லல் அக்கா. மூன்று மணி நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

செஞ்சைத் தங்கச்சி, உள்மீட்டர் ரீடிங்கையும் கொடுத்த பணத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. இன்றைக்கு உடனே எதுவும் நடக்காது, ஆனால் பேசும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் எண்பது ரூபாய். மாதம் ஒருவருக்குச் சிலிண்டர், குலுக்கல் கிடையாது, யார் வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில். மானியம் வருகிறவர்கள் அது கணக்கில் ஏறியதும் பொதுவில் போட்டுவிட வேண்டும். மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த ஆயிரம் ரூபாய் அக்காவுக்கு இரண்டாவது மாதமே கொடுத்தோம். அடுப்பின் மேல் இருந்த அரிசி டப்பா இப்போது அலமாரிக்குப் போயிருக்கிறது.

ஆனால் இந்த மாதம் இரண்டு பேரால் எண்பது ரூபாய் போட முடியவில்லை. ஒருவரின் கணவருக்கு வேலையில் கீழே விழுந்து கையொடிந்திருக்கிறது, இன்னொருவர் வாரத் தவணைக் கடன்காரர்களுக்குப் பயந்து தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் பங்கை மற்றவர்கள் போடுவதா, முறையைத் தள்ளி வைப்பதா என்று பத்தாம் தேதிக் கூட்டத்தில் பேச வேண்டும். இப்படிச் சீட்டு நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், பணம் விழாத மாதத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அதற்குள் எழுதுங்கள்.