ஒலிம்பிக்ஸ்ல குதிரையேற்றம் எதுக்கு? வீட்ல ஒரே வாக்குவாதம்

செவ்வாய்பேட்டை_அப்பா:
வணக்கம்ங்க. என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, லீவுக்கு பெங்களூர்ல சித்தி வீட்டுக்குப் போனவ அங்க குதிரை ஏறப் பழகிட்டு வந்துட்டா, சேலம் வந்தும் அதே நெனப்புதான், இதத்தான் பெருசா செய்யணும்ங்கிறா. எங்க மாமனார், ஓடுறதும் தாண்டுறதும் குதிரை, மெடல் மட்டும் மேல உக்காந்தவனுக்கா, நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் பாராலிம்பிக்ஸ்ல உயரம் தாண்டுனாரே அதான் விளையாட்டுங்கிறார். ஒலிம்பிக்ஸ், ஏசியன் கேம்ஸ்ல எல்லாம் இத ஏன் வச்சிருக்காங்க, இனியும் இருக்குமா, நம்ம ஊர்ப் புள்ள இந்தப் பக்கம் போகலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏற்காடு_மலைக்காத்து:
அண்ணா, மாமனாருக்கு ஈவென்டிங் வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டுங்க. ஒரே குதிரை ஒரே ஆளு, மொதல்ல டிரெசாஜ், அதாவது குதிரைய அளவா, அழகா நடக்கவச்சுக் காட்டுறது, அடுத்து காட்டுமேட்டுல பள்ளம் தண்ணி மரக்கட்டைன்னு தாண்டுற கிராஸ் கன்ட்ரி, கடைசில ஜம்பிங். எந்த எடத்துல வேகத்தக் குறைக்கணும், எந்த அடி வச்சுத் தாவணும்னு முடிவு பண்றது மேல இருக்கவங்கதான், அதையும் கெண்டைக்கால் அழுத்தத்துலயும் இடுப்பு அசைவுலயும் சொல்லணும், வெளிய பாக்கறவனுக்குத் தெரியவே தெரியாது.

1912 ஸ்டாக்ஹோம்ல இருந்து இது விடாம ஒலிம்பிக்ஸ்ல இருக்கு. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ஆம்பள பொம்பளன்னு தனித்தனியா பிரிக்காம ஒரே மெடலுக்கு மோதுறதுதான். 1952 ஹெல்சின்கில டென்மார்க் லிஸ் ஹார்டெல், போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ அசைவில்லாதவங்க, குதிரை மேல ஏத்திவிடவே ஆள் வேணும், ஆம்பளைங்களோட மோதி டிரெசாஜ்ல வெள்ளி வாங்குனாங்க. 2012 லண்டன்ல ஜப்பான் ஹிரோஷி ஹோகெட்சு 71 வயசுல எறங்குனாரு. இதெல்லாம் கண்டிப்பா பொண்ணுகிட்ட சொல்லுங்கண்ணா.

அம்மாபேட்டை_ராசா:
விளையாட்டுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா எல்லாருக்குமான விளையாட்டான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன், காமன்வெல்த்ல இது கெடையவே கெடையாது. பிரச்சினை பணமும் குவாரன்டைனும்ங்க. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல ஆஸ்திரேலியா வெளிநாட்டுக் குதிரைய உள்ள விடாததால குதிரைப் போட்டி மட்டும் ஸ்டாக்ஹோம்ல நடந்துச்சு, 2008 பெய்ஜிங்குக்கும் ஹாங்காங்லதான் நடத்துனாங்க. அவங்களுக்கே இந்தக் கதின்னா நம்மள யோசிங்க, இங்கருந்து குதிரைய நேரா கூட்டிட்டுப் போறது பெரிய தலைவலி, அதனாலதான் நம்ம ஆளுங்க யூரோப்புல போய் வருசக்கணக்கா தங்கிப் பழகுறாங்க.

அதையும் மீறி சாதிச்சிருக்கோம். 1982 டெல்லி ஏசியன் கேம்ஸ்ல ரகுபீர் சிங் ஈவென்டிங்ல தங்கம். அப்பறம் 36 வருசம் தனிநபர் மெடலே இல்ல, 2018ல ஜகார்த்தால பெங்களூர் பையன் ஃபவாத் மிர்சா வெள்ளி வாங்குனாரு, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 23வது எடம். 2023ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல டிரெசாஜ் டீம் தங்கம், அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் பொண்ணுங்க.

2025ல மீரட்ல ராணுவத்தோட ஒரு வளாகத்த நோயில்லாத குதிரை எடம்னு உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரிச்சிருக்கு, குதிரைய வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போற தலைவலி கொறைய வழி இருக்கு, அது நல்ல சேதி. அந்தியூர் குதிரைச் சந்தைக்கு ஆடி மாசம் இம்புட்டுக் கூட்டம் கூடுது, குதிரை மேல ஆசை நம்ம பக்கம் கொறச்சலே இல்ல, ஏறிப் பழக எடந்தான் இல்ல.

சூரமங்கலம்_கால்நடை:
நான் கால்நடை டாக்டர்ங்க, இன்னொரு பக்கமும் பேசணும். டோக்கியோல மாடர்ன் பென்டத்லான் பாத்தீங்களா, குதிரையேற்றமும் சேத்து அஞ்சு விளையாட்டு ஒண்ணா நடக்கற போட்டி? 20 நிமிசம் முன்னாடி குலுக்கல்ல கெடச்ச குதிரை மெரண்டு நிக்குது, முன்னணில இருந்த ஜெர்மனி பொண்ணு அது மேல உக்காந்து அழுவுது, கோச் குதிரையக் குத்துறாங்க. அதுக்கப்பறந்தான் பென்டத்லான்ல குதிரையவே எடுத்தாங்க, பாரிஸ் 2024தான் கடைசி. அதே டோக்கியோல ஜெட் செட்னு ஒரு குதிரை கிராஸ் கன்ட்ரில தசைநார் அறுந்து கருணைக்கொலை பண்ண வேண்டியதாச்சு. பாரிஸுக்கு முன்னாடி பிரிட்டன் சார்லட் டுஜார்டின், ஆறு ஒலிம்பிக் மெடல் வாங்குனவங்க, குதிரை கால்ல சாட்டையால அடிச்ச வீடியோ வந்து வெலகுனாங்க, ஒரு வருசம் தடையும் போட்டாங்க.

ஆனாலும் எடுத்துடணும்னு நான் சொல்லமாட்டேன். தடை போட்ட பெறகு எல்லாரும் பயப்படறாங்க இல்ல, போட்டில இருந்தாத்தான் அந்தக் கண்காணிப்பும் இருக்கும்.

செவ்வாய்பேட்டை_அப்பா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். 2028லயும் இருக்கா? டாக்டர், பொண்ண சேக்கற எடத்துல நான் மொதல்ல எதப் பாக்கணும்?

சூரமங்கலம்_கால்நடை:
இருக்குங்க, லாஸ் ஏஞ்சலிஸ்ல சான்டா அனிட்டா ரேஸ்கோர்ஸ்ல. சேக்கற எடத்துல மொதல்ல குதிரைங்களப் பாருங்க, விலா எலும்பு தெரியுதா, சேணம் பட்ட எடத்துல புண்ணு இருக்கா, கால் குளம்பு வெடிச்சிருக்கான்னு. ஹெல்மெட் இல்லாம ஏத்துற எடம்னா அப்பிடியே திரும்பி வந்துடுங்க. ஏத்தறதுக்கு முன்னாடி லாயம் கூட்ட, குதிரையத் தேச்சுவிட கத்துக்குடுக்கற எடமாப் பாத்து சேத்துவிடுங்க.