புதுப்பிப்பு: அத்தையோடு சூஷி சாப்பிடப் போனோம்

சைவம் மட்டுமே சாப்பிடும் மாமியாரை, சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கும் ஜப்பான்-தாய் உணவகத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு.

'காய்கறி போட்டது என்றாலும் மீன் சாஸ் இருக்கா என்று கேளுங்கள்' என்று சொன்னவருக்குப் பெரிய நன்றி. பரிமாறிய தம்பி உள்ளே விசாரித்துவிட்டு வந்து, "கிரீன் கறி விழுதுலயே இறால் சேர்ந்திருக்குங்க, அம்மாவுக்கு வேண்டாம்" என்றார். மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பும் அப்படித்தான். அதன் அடிப்படைச் சாறான தாஷியை வழக்கமாக உலர்ந்த மீன் சீவல் போட்டுத்தான் எடுப்பார்கள்.

கடைசியில் வெள்ளரி, அவகாடோ வைத்த சூஷி ரோல். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சாதம், சுற்றிலும் கடற்பாசித் தாள். "சாதம் ஆறிப்போச்சே" என்று முகம் சுளித்த அத்தை, பக்கத்தில் இருந்த வசாபி என்னும் பச்சை நிறக் கார விழுதைப் புதினாத் துவையல் என்று நினைத்து ஒரு வழி வழித்து வாயில் போட்டுக்கொண்டார். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும். இது நேரே மூக்குக்கு ஏறும். கண்ணில் தண்ணீர். ஆனால் அடுத்த துண்டுக்கும் தொட்டுக்கொண்டார், அதுதான் அத்தை!

நான் சாப்பிட்ட சால்மன் சுமார்தான். காய்கறி டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது, நம்ம பஜ்ஜி மாதிரி) மொறுமொறுவென்று அருமை.

பார்க்கிங் கேட்டவருக்கு: ஞாயிறு மதியம் என்றால் பைக்கில் போய்விடுங்கள்.