பழைய டிராக்டரில் ஒயரிங் கோளாறு, வாங்கலாமா?

வணக்கம். தாராபுரம் பக்கம் 2011 மாடல் டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் சத்தம் சுத்தம், ஹைட்ராலிக்கும் நன்றாகத் தூக்குகிறது. கவலையெல்லாம் கரண்ட் சமாச்சாரம்தான். செல்ஃப் எடுக்கவில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நிறுத்தியிருக்கும்போது பேட்டரி 12.1 வோல்ட். வண்டி ஓடும்போது 14 பக்கம் ஏற வேண்டுமே, அசையவே இல்லை. அப்படியென்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை, சரிதானே? ஆனால் ஃபியூஸ் பெட்டியைச் சுற்றி யாரோ கண்டபடி ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், எர்த் முனையும் பச்சை பூத்துக் கிடக்கிறது. கோளாறு டைனமோவிலா, ரெகுலேட்டரிலா, வெறும் ஒயரிலா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? ஹவர் மீட்டரும் ஓடவில்லை, எவ்வளவு உழைத்த வண்டியோ. முழு ஒயரிங்கும் மாற்ற என்ன செலவாகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள், சேர்த்துவைத்த பணம், அதனால்தான் இவ்வளவு யோசனை.