‘எல்லா மாணவர்களும் வரவில்லை’ என்பதைக் குறியீட்டில் எப்படி எழுதுவது?

கேள்வி:
‘எல்லா’, ‘சில’ போன்ற கூற்றுகளைக் குறியீட்டில் எழுதும் பயனிலைத் தர்க்கத்தைத் தனியாகப் படித்து வருகிறேன். (∀ய: ‘ஒவ்வொரு ய-க்கும்’; ∃ய: ‘ஒரு ய உண்டு’; →: ‘என்றால்’; ∧: ‘மேலும்’; ¬: ‘அல்ல’.) தமிழ் வாக்கியங்களைக் குறியீட்டில் எழுதும்போது இரண்டு இடங்களில் தடுமாறுகிறேன். ‘எல்லா மாணவர்களும் உழைப்பாளிகள்’ என்பதை ∀ய (மாணவர்(ய) → உழைப்பாளி(ய)) என்று எழுதிய பழக்கத்தில், ‘சில மாணவர்கள் உழைப்பாளிகள்’ என்பதற்கு அளவுக்குறியை (∀, ∃) மட்டும் மாற்றி ∃ய (மாணவர்(ய) → உழைப்பாளி(ய)) என்று எழுதினேன்; விடையிலோ அம்புக்குறிக்குப் பதிலாக ∧ இருக்கிறது. ஏன்? அடுத்து, ‘எல்லா மாணவர்களும் வரவில்லை’ என்பதில் மறுப்புக்குறி ∀-க்கு முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா?

மறுமொழி 1:
முதல் ஐயத்திற்கு மட்டும் விடை சொல்கிறேன். நிபந்தனைக் கூற்றின் முன்பகுதி பொய்யானால் கூற்று முழுவதும் மெய்யாகிவிடும் என்பதால், நீங்கள் எழுதியது மெய்யாவதற்கு உழைக்கும் மாணவர் ஒருவர்கூடத் தேவையில்லை. நாம் பேசும் பொருள்களுக்குள் ஒரு நாற்காலி இருந்தாலே போதும், அது மாணவர் அன்று. மறுதலையாக, ∀-உடன் ∧ போட்டால் அந்த நாற்காலியும் உழைக்கும் மாணவர் என்று சொன்னதாகிவிடும். 1935இல் ஜெர்மானியத் தர்க்கவியலாளர் கெண்ட்சன் ∀ என்ற குறியை, இத்தாலியக் கணிதவியலாளர் பெயானோ முன்பே பயன்படுத்திவந்த ∃-இன் சாயலில் அமைத்தார். உருவில் இரட்டையராகத் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு இணைப்பைக் கேட்கின்றன. ‘சில’ என்றால் ஒன்றுக்கு மேல் என்று நம் காது கேட்கும். ∃ சொல்வது ‘குறைந்தது ஒன்று’ மட்டுமே.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்வியில் தவறு உங்களுடையதன்று. வாக்கியமே இருபொருள் படுகிறது. பேச்சில் ‘எல்லா’ என்பதை அழுத்திச் சொன்னால் ‘சிலர்தாம் வந்தார்கள்’ என்று புரிந்துகொள்கிறோம், எழுத்தில் அந்த அழுத்தம் தொலைந்துவிடுகிறது. ஆகவே குறியீட்டுக்குப் போகுமுன் வாக்கியத்தைத் தமிழிலேயே ஒருமுறை திருத்தி எழுதிவிடுவது என் வழக்கம். ‘மாணவர் ஒருவர்கூட வரவில்லை’ என்று கருதினால் ∀ய (மாணவர்(ய) → ¬வந்தார்(ய)). ‘வராத மாணவர் ஒருவராவது உண்டு’ என்று கருதினால் ∃ய (மாணவர்(ய) ∧ ¬வந்தார்(ய)), அதாவது ¬∀ய (மாணவர்(ய) → வந்தார்(ய)). ‘மாணவர்கள் யாரும் வரவில்லை’ என்றிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் ‘யாரும்’ எதிர்மறை வினையோடு சேரும்போது முதற்பொருளை மட்டுமே தரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் வினாச்சொல்லோடு சேரும் ஒட்டைப் பார்த்தே அளவுக்குறியைத் தீர்மானித்துவிடலாமா? ‘யாரோ வந்தார்’ என்பது ∃ என்பதால், ‘யார் முயல்கிறாரோ அவர் வெல்வார்’ என்பதையும் ∃ கொண்டு எழுதினேன்.

மறுமொழி 2 எழுதியவர்:
அங்கே ஏமாந்துவிட்டீர்கள். ‘யாரோ’ என்பதில் ஓகாரம் வினாச்சொல்லின் மீதே நிற்கிறது. உங்கள் வாக்கியத்தில் அது வினைமேல் ஏறி, பின்னால் வரும் ‘அவர்’ என்பதோடு இணைகிறது. முயல்பவர் எவராயினும் வெல்வார் என்பதே பொருள் என்பதால் ∀ய (முயல்கிறார்(ய) → வெல்வார்(ய)) என்றே எழுத வேண்டும்.

மறுமொழி 1 எழுதியவர்:
ஒட்டு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று: ‘யாராவது முயன்றால் ஆசிரியர் மகிழ்வார்.’ இதில் ‘யாராவது’ உண்மையிலேயே ∃தான், ஆனால் அது நிபந்தனையின் முன்பகுதிக்குள் அடங்கியது: (∃ய முயல்கிறார்(ய)) → மகிழ்வார்(ஆசிரியர்). அளவுக்குறியை முழு வாய்பாட்டுக்கும் முன்னால் கொண்டுவர விரும்பினால் அது ∀ ஆக மாறும்: ∀ய (முயல்கிறார்(ய) → மகிழ்வார்(ஆசிரியர்)). மாற்றாமல் ∃-ஐ அப்படியே வெளியே இழுத்தால், முயலாத ஒருவர் இருப்பதே கூற்றை மெய்யாக்கிவிடும். முன்பு சொன்ன நாற்காலி திரும்பவும் வந்துவிடும்.