ஜெப ஆலயத்துக்குப் போகாத இளம் யூதர்கள் ஷபாத்தை மட்டும் விடாமல் இருப்பது ஏன்?

நிலாமுற்றம்:
வணக்கம். நியூயார்க்கில் என்னோடு வேலை பார்க்கும் யூதத் தோழி ஒருத்தி போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஷபாத் விருந்துக்குக் கூப்பிட்டாள். ஷபாத் என்றால் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் அவர்களுடைய ஓய்வு நாள். எட்டுப் பேர், எல்லாருக்கும் முப்பதுக்குள்தான் வயது. வாசல் பக்கத்தில் ஒரு கூடை இருந்தது, வந்தவர்கள் போனை அணைத்து அதில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அவள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, சுடரை நோக்கிக் கைகளை மூன்று முறை தன் பக்கமாக வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். அப்புறம் சொற்களே இல்லாத ஒரு பாட்டு, வெறும் ராகம், பத்து நிமிஷம் இருக்கும், யாரும் நிறுத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் இதே தோழி ஜெப ஆலயத்துக்குப் போவதில்லை, கடவுள் இருக்கிறாரா என்று தனக்கே தெரியவில்லை என்கிறாள். அப்படியென்றால் இதை எப்படிப் புரிந்துகொள்வது? வெறும் பண்பாடா, பக்தியா? இந்தத் தலைமுறை புதிதாகக் கண்டுபிடித்ததா?

பழையஏடு:
முழுக்கப் புதிது இல்லை. 1968-இல் பாஸ்டன் பக்கத்துச் சாமர்வில்லில் சில இளைஞர்கள் ஹவுராத் ஷாலோம் என்று ஒரு சிறு குழுவைத் தொடங்கினார்கள். பெரிய கட்டடம், மேடையில் ரபி என்ற மதகுரு, கீழே பார்வையாளர்போலக் கூட்டம், இந்த அமைப்பே வேண்டாம் என்று வட்டமாக உட்கார்ந்து தாங்களே தொழுகையை நடத்தினார்கள். இன்று நடப்பதற்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது. 2006-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மோய்ஷி ஹவுஸில் இளைஞர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வார்கள், வாடகையில் ஒரு பங்கு அவர்களுக்கு உதவியாக வரும், பதிலுக்கு மற்ற இளைஞர்களை அழைத்து விருந்து, படிப்பு, பண்டிகை என்று நடத்த வேண்டும். 2014-இல் வந்த ஒன்டேபிள் வெள்ளி விருந்து வைப்பவர்களுக்குச் செலவில் கைகொடுக்கிறது. நீங்கள் போனதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

இன்னும் பின்னால் போனால், கி.பி. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் கோவிலை இடித்தார்கள். கோவில் இருந்தவரை பலிபீடம் பாவம் தீர்த்தது, இப்போது அவரவர் சாப்பாட்டு மேசை தீர்க்கிறது என்று யூத மரபு நூலான தல்முத்தில் வருகிறது. அதனால் வீட்டு மேசையில் நடந்ததை அரைகுறை வழிபாடு என்று நினைக்காதீர்கள். சொல் இல்லாத அந்தப் பாட்டுக்குப் பெயர் நிகூன், பாட்டும் பரவசமுமாக வழிபடும் ஹசீதிய யூதர்களிடமிருந்து வந்தது.

கரிசல்மழை:
பழையஏடு சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் கஷ்டமான கடமைகளை யார் செய்வது? அப்பா இறந்தால் மகன் பதினொரு மாதம் தினமும் கதீஷ் என்ற துக்கப் பிரார்த்தனையைச் சொல்வது வழக்கம், அதற்கு மின்யான், அதாவது பத்துப் பேர், வேண்டும். குளிர்காலக் காலை ஏழு மணிக்கு அந்தப் பத்துப் பேர் வந்து நிற்பது ஜெப ஆலயத்தில்தான், வெள்ளி விருந்துக்கு வந்தவர்கள் அங்கே இருப்பார்களா? எல்லா இளைஞர்களும் கட்டுப்பாட்டை விட்டு விலகுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 2020-இல் எடுத்த கணக்கில் 18-29 வயது யூதர்களில் 40 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்றார்கள், அதே வயதில் 17 சதவீதம் பேர் ஆர்த்தடாக்ஸ், அதாவது மரபு விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள். 65-க்கு மேல் அது வெறும் 3 சதவீதம்.

ஆற்றுமணல்:
கரிசல்மழை, கதீஷ் பற்றிச் சொன்னது நெஞ்சில் தைத்தது, நியாயமான கேள்வி. ஆனால் புதிய குழுக்கள் எல்லாம் விருந்தோடு நின்றுவிடவில்லை. ரபி ஷேரன் பிரௌஸ் 2004-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய இகார், தொழுகையையும் சமூக நீதியையும் பிரிக்காமல் வளர்ந்த ஒரு முழுச் சமூகம். அதே வருடம் பாஸ்டன் பக்கம் நியூட்டனில் மயிம் ஹயிம் என்ற மிக்வே திறந்தது. மிக்வே என்றால் சடங்குக் குளியல் தொட்டி, வழக்கமாக மாதவிடாய்க்குப் பிறகு மணமான பெண்கள் முங்கும் இடம். இங்கே கரு கலைந்தவர்கள், விவாகரத்தானவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்கள்கூட வந்து முங்கி எழுகிறார்கள். துக்கத்துக்கும் மீட்சிக்கும் ஒரு சடங்கு தேவைப்பட்டது, பழைய தண்ணீரிலேயே அது கிடைத்தது. கனெக்டிகட்டில் அடாமா என்ற பண்ணையில் இளைஞர்கள் சில மாதம் தங்கி விவசாயம் செய்கிறார்கள். வயலின் ஓரத்து விளைச்சலை ஏழைக்கு விடு என்ற தோரா (யூத வேதம்) வசனத்தை அறுவடைக் கையோடு படிப்பது வேறு அனுபவம்தானே.

நிலாமுற்றம், உங்கள் கேள்விக்கு என் பதில்: அவர்களிடம் நம்பிக்கை முதலில், செய்கை பிறகு என்ற வரிசை கட்டாயமில்லை. விளக்கை ஏற்று, பொருள் மெல்லப் புரியும் என்கிற வழி ரொம்பப் பழசு. உங்கள் தோழி சந்தேகத்தோடு கண்ணை மூடியதும் வழிபாடுதான்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. கதீஷ் பற்றி அவளிடம் கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டி இறந்தபோது இந்த நண்பர்கள்தான் துக்கம் காக்கும் ஏழு நாளும் வீட்டுக்கு வந்து நின்றார்கள் என்றாள். வரும் சனிக்கிழமை ஷபாத் முடியும்போது செய்யும் ஹவ்தலா சடங்குக்குக் கூப்பிட்டிருக்கிறாள், வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்போது வா என்றாள். என்ன கொண்டு போகலாம்?

ஆற்றுமணல்:
திராட்சை ரசம் வேண்டாம், கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டதா என்று, பார்க்க வேண்டியிருக்கும். கிராம்பும் பட்டையும் ஒரு சின்ன டப்பாவில் கொண்டு போங்கள், அதைக் கைமாற்றி முகர்ந்துதான் ஷபாத்தை வழியனுப்புவார்கள். பின்னல் மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடிக்கும்போது எல்லாரும் கையை நீட்டி நகத்தில் வெளிச்சம் படுவதைப் பார்ப்பார்கள், நீங்களும் நீட்டுங்கள்.