நண்டுக் கம்பெனியில் மூன்று ஊர்ப் பெண்கள்: சண்டை வராமல் வேலை வாங்குவது எப்படி?

பவானிக்காரன்:
வணக்கம். மண்டபத்தை ஒட்டிய ஒரு நண்டுக் கம்பெனியில் புதிதாகச் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். அவித்த நண்டில் சதை எடுக்கும் பிரிவு என் பொறுப்பு. வேதாளை, மரைக்காயர்பட்டினத்துப் பெண்கள் ஒரு பக்கம், தங்கச்சிமடம், பாம்பன் பெண்கள் ஒரு பக்கம், உச்சிப்புளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். ஐஸ் உடைக்க, பெட்டி தூக்க ஒடிசாப் பையன்கள். மேசையிலும் சாப்பாட்டிலும் பிரிந்துதான் உட்காருகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கூட்டம் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்கிறது. ஞாயிறு இன்னொரு கூட்டம் பூசை முடிந்துதான் வருகிறது. இந்த 2026-இல் ரமலான் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட்டன. "அவங்களுக்கு மட்டும் என்ன சலுகை?" என்ற பேச்சு ஓயவே இல்லை. போன வாரம் தராசுக்கு முன்னால் இரண்டு பேர் கைகலக்காத குறை. எல்லோரையும் கலந்து உட்கார வைத்து மதியச் சாப்பாடு போடலாம் என்கிறார் மேனேஜர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
தம்பி, நான் சதை எடுக்கிற வேலையில் தொடங்கி, சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். சண்டை தராசுக்கு முன்னால் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே தேடுங்கள்.

உங்களிடம் கிலோக் கணக்கில்தானே கூலி? அப்படியென்றால் யார் தட்டில் எந்த நண்டு விழுகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பெரிய நண்டில் துடுப்புக்கால் அடியில் இருக்கிற சதை உடையாமல் ஒரே துண்டாக வெள்ளையாக வரும். ஜம்போ என்கிறோமே, அதுதான். பொடி நண்டில் ஒவ்வொரு அறையாகக் கத்தி நுனியால் நோண்டி எடுத்தாலும் தட்டின் அடி நிறையாது. விரல் வலி ஒன்றுதான், எடை மட்டும் ஏறாது. கூடை வந்து இறங்கும்போது அங்கே இருக்கிறவர்கள் பெரியதைப் பொறுக்கிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் வருகிறவளுக்கும் பூசை முடிந்து வருகிறவளுக்கும் பொடிதான் மிச்சம். சாயங்காலம் கூலி குறையும். குறைந்தவள் "அவ ஆளுகளுக்கு மட்டும் நல்ல நண்டு" என்பாள். அங்கேதான் ஊரும் மதமும் உள்ளே வருகின்றன.

நாங்கள் நண்டைப் பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரித்து, எல்லா மேசைக்கும் ஒரே அளவில் எடை போட்டுக் கொடுக்கத் தொடங்கினோம். பிந்தி வருகிறவர்களின் பங்கை டோக்கன் போட்டு ஐஸில் வைத்தோம். சலுகைப் பேச்சு தானாக அடங்கியது.

அப்புறம் நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை வேதாளைப் பக்கத்து வலைகள் பெரும்பாலும் கடலுக்குப் போகாது. ஞாயிறு எங்கள் ஆட்கள் இறங்க மாட்டார்கள். அந்த நாட்களை ஒட்டிச் சரக்கும் குறையும். வருகைப் பதிவேட்டையும் சரக்கு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக் கவலை போய்விடும். நோன்பு மாதத்தில் காலை 6 மணிக்கே தொடங்கி மதியத்தோடு முடியுங்கள். முதல் நாள் அவித்துக் குளிரில் வைத்த நண்டுதானே! சஹர், அதாவது விடியலுக்கு முந்தைய நோன்புச் சாப்பாடு, முடித்த பெண்கள் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறார்கள். வெள்ளி சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகிற எங்கள் பெண்களுக்கும் அது வசதி.

சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். செவ்வாய், வெள்ளியில் கவுச்சி தொடாதவள் இருப்பாள், ஹலால் பார்க்கிறவள் இருப்பாள், தவக்கால வெள்ளியில் இறைச்சியை ஒதுக்குகிறவள் இருப்பாள். தனியாக உட்காருவது பகை இல்லை. ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மூன்று மதத்து ஆட்களும் வருகிறார்கள், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் அப்படித்தான். பழகத் தெரிந்த சனம் இது. கூலியில் நியாயம் இருந்தால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வேதாளைப் பொண்ணு:
அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லாமே தராசில் தீர்ந்துவிடாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் தொழ இடம் கேட்டபோது ஐஸ் ரூம் வாசலில் ஈரத் தரையைக் காட்டினார்கள். முடி சதையில் விழக் கூடாது என்பது நியாயமான விதி, அதை நாங்கள் யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் ஓர் ஆண் நின்றுகொண்டு "முக்காட்டை எடு, பார்க்கணும்" என்றால் எப்படி இருக்கும்? கம்பெனியே தினமும் துவைத்த வெள்ளைத் துணி கொடுத்து, அதன் மேல் வலைத்தொப்பி போடச் சொல்லலாம். சோதிக்கிற வேலையை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

உளவியல் மாணவன், ராமநாதபுரம்:
கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் சொன்னதும் இதை ஒட்டித்தான் வருகிறது. வேறு வேறு கூட்டத்தாரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சம நிலை, பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு ஆகியவை சேர்ந்தால்தான் பலன் என்றார். ஆளுக்கு ஆள் கிலோக் கூலி என்றால் பக்கத்தில் இருப்பவள் போட்டியாளர் ஆகிவிடுகிறாள். அடிப்படைக் கூலியைச் சமமாக்கி, ஊக்கத்தொகையை மேசைக்கு மொத்தமாகக் கொடுத்துப் பார்க்கலாமே?

பவானிக்காரன்:
நன்றி. நண்டைப் பிரித்துக் கொடுப்பதை நாளைக்கே தொடங்குகிறேன். மேசைக்கு ஊக்கத்தொகை என்றால் மேனேஜரிடம் பேச வேண்டும். அக்கா, பண்டிகை விடுமுறைப் பட்டியலும் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
வேதாளைத் தங்கச்சி சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி, அது பணத்துக்கும் மேலே.

விடுமுறைக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேசிய விடுமுறையாக ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அது போக ஐந்து பண்டிகை நாட்கள். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ் என்று எழுதினாலே ஐந்தும் முடிந்தது. ஒடிசாப் பையன்களுக்கு அதில் எது? இந்தத் திரியிலும் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள் என்பதால் குறை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஜூன் நடுவில் அவர்களுக்கு ரஜ பண்டிகை, மூன்று நாள். இங்கே விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து சரக்கு வந்து குவிகிற நேரமும் அதுதான். எல்லோரையும் அனுப்ப முடியாது. பாதிப் பேர் இந்த வருடம், பாதிப் பேர் அடுத்த வருடம் என்று இப்போதே அவர்களிடம் பேசி எழுதிவிடுங்கள். ரயில் டிக்கெட் அவர்கள் முன்னாடியே போட வேண்டும்.