மண்டபம் பெரியவீட்டு வாட்ஸ்அப் குழு: காதுகுத்தும் வீரனும்

செல்வி: நம் நாய் வீரன் பிள்ளை கவினைக் கடித்துவிட்டது. முழங்கைக்குக் கீழே இரண்டு பல் இறங்கி இரத்தம் வருகிறது. அத்தை சுண்ணாம்பு குழைக்கிறார்.

சேது பெரியப்பா: சுண்ணாம்பு வேண்டாம் தாயே! குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. கட்டுப் போடாதே. உடனே அரசு மருத்துவமனைக்குப் போ. இரத்தம் வந்திருப்பதால் வெறிநோய்த் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும் என்று கேள்.

செல்வி: கழுவுகிறோம்.

முத்து மாமா: ஞாயிற்றுக்கிழமை அவன் காதுகுத்துக்கு வீடு நிறைய ஆள். மண்டை இன நாயின் புத்தி அதுதான். தோப்பில் கொண்டுபோய் விடுங்கள்.

குமார்: எந்தத் தோப்பு மாமா? பங்கு பிரிக்காத தோப்பா?

அன்னம் அத்தை: அதை இங்கே பேசாதே.

லதா, சென்னை: பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?

சேது பெரியப்பா: முத்து, இனத்தின் மேல் பழி போடாதே. 30 வருடம் கால்நடைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வலைகளையெல்லாம் அது படுக்கும் தாழ்வாரத்தில் குவித்துவிட்டீர்கள். படுக்க இடமில்லை, பகலெல்லாம் சங்கிலி. நேற்று நான் வந்தபோது தலையைச் சாய்த்து இடது காதைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தது. கிட்டே போனால் சீழ் நாற்றம். பிள்ளை அந்தக் காதைத் தொட்டானா?

செல்வி: காதைப் பிடித்துத்தான் இழுத்தான்.

குமார்: போன வாரமே அவனைப் பார்த்து உறுமியது. அப்பா கம்பால் ஒன்று போட்டார். பிறகு உறுமவே இல்லை.

சேது பெரியப்பா: உறுமல்தான் அது தரும் எச்சரிக்கை. அடித்தால் வலியும் பயமும் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்தது நேராகப் பல்தான். உன் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

குமார்: நீங்களே சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் வர மாட்டேன்.

சேது பெரியப்பா: தோப்பில் விடவே கூடாது. 10 நாள் நம் கண்முன் இருக்க வேண்டும். 10 நாளும் நன்றாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வாயைத் துணியால் கட்டிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். காது ஆறட்டும். வலையை நகர்த்தி இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது.

முத்து மாமா: வலையை எங்கே வைப்பது?

செல்வி: ஊசி போட்டாயிற்று. அடுத்தது 3ஆம் நாள், பிறகு 7, 28. இன்று வியாழன், இது 0ஆம் நாள் கணக்கு. 3ஆம் நாள் ஞாயிறு வருகிறது!

லதா, சென்னை: முகூர்த்தம் 9 மணி அல்லவா?

முத்து மாமா: தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை ஊசிக்குப் போவதா?

சேது பெரியப்பா: ஊசிதான் முதலில். வீரனை நான் என் வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொள்கிறேன். அங்கே மைக் செட் சத்தம் கேட்காது.

அன்னம் அத்தை: மைக் செட் வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

முத்து மாமா: மைக் செட்டுக்குப் பணம் கொடுத்தது நான்.

லதா, சென்னை: பந்தல் முன்பணம் யாராவது சொல்லுங்கள்.